துரைசானியின் ஏழாவது வரி

1

இந்தக் கதை ஒரு கடிதத்தில் பிறந்தது. மூன்று மாதமாக எழுதுகிறேன், ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. இன்று முடித்தாக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு நல்லையா அண்ணன் அதே கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார்.

முதல் தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அந்த வேட்டைநாய்..."

[அடித்துவிட்டேன். வெயில் கொளுத்தும் எங்கள் ஊர் காஜா பேராங்கில் ஏது பனி? மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்துப் படித்து என் பேனாவுக்குக் குளிர் பிடித்துவிட்டது.]

2

ரப்பர் கம்பெனித் துரை உஜோங் பாசிர் பங்களாவைக் காலி செய்து கப்பலேறியபோது, மிஸ்ஸி என்ற தன் கிரேஹவுண்ட் நாயை டிரைவர் நல்லையாவிடம் தள்ளிவிட்டுப் போனார். பதினோரு வருடம் கார் ஓட்டியவருக்கு வேலை போனது, நாய் வந்தது. கூடவே, துரைசானி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள். அண்ணனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்று அந்தப் பங்களாவில் யாருக்கும் தோன்றவில்லை!

பக்கத்து வீட்டில் நான் இருந்தேன், கான்வென்ட்டில் படித்தவள்.

"மெதுவா சொல்லு தங்கச்சி. மனசுல ஏத்திக்கிறேன்."

சொன்னேன். விலா எலும்பு தெரியும், அது பட்டினியல்ல, உடல்வாகு. தோல் காகிதம் மாதிரி, முள்கம்பி ஆகாது. வெறும் சிமெண்டில் படுக்கவிடக் கூடாது. தலை கழுத்தைவிடச் சிறியது, சாதாரணப் பட்டை நழுவிவிடும், அகலமான தோல்பட்டை வேண்டும். சாப்பிட்ட உடனே ஓடவிடக் கூடாது.

ஆறாவது வரியை மட்டும் அழகாகச் சொன்னேன்: "இது மூக்கால் அல்ல, கண்ணால் வேட்டையாடும் நாய். தொடுவானத்தில் ஒரு புல் அசைந்தாலும் இதன் இதயம் அங்கே போய்விடும்."

"அடேயப்பா!" என்றார் அண்ணன்.

[துரைசானி எழுதியதில் தொடுவானமும் இல்லை, இதயமும் இல்லை.]

அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

3

அண்ணன் ஒன்றுவிடாமல் செய்தார். தன் மெத்தையில் பாதிப் பஞ்சை எடுத்துக் கோணிச் சாக்கில் திணித்தார்.

"எனக்குப் பாய், நாயிக்கு மெத்தை. நல்லா இருக்குலா!" என்றார் அவர் மனைவி ருக்மணி.

காப்பிக்கடைப் பொன்னுதுரை விடவில்லை. "என்னய்யா, நாயிக்குச் சோறு போடறியா, விரதம் இருக்க வைக்கிறியா?"

"உடம்பு வாகுலா அது. கடுதாசில இருக்கு," என்பார் அண்ணன், கெத்தாக.

4

மெர்டேக்கா காலை, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த நாள். தெருவெல்லாம் கொடி.

பொன்னுதுரையைக் கெட்டவராக நான்கு முறை எழுதிப் பார்த்தேன். முறுக்கு மீசை வைத்தேன். குடிக்க வைத்தேன். [பொய். அவர் தன் கடைக் காப்பியைத் தவிர எதையும் தொடுவதில்லை.] அவர் சிரித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்:

"நாட்டுக்கே சொதந்திரம் வந்திருச்சு, இதுக்கு மட்டும் எதுக்குக் கயிறு? அவுத்து வுடு நல்லையா! மெர்டேக்கா!"

கூட்டமே கத்தியது. நானும் கத்தினேன். அண்ணன் என்னைப் பார்த்தார். கடிதத்தைப் படித்தவள் நான்தானே. தலையாட்டினேன். அவர் தோல்பட்டையைக் கழற்றினார்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பூனை ஓடியது.

"மிஸ்ஸி! மிஸ்ஸி!" அதற்குக் கேட்கவே இல்லை. கொடி கட்டிய லோரி ஒன்று

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

5

நேற்று வேலியோரம் நின்று அண்ணன் கேட்டார்.

"தங்கச்சி, அவுத்து வுடறதப் பத்தி அந்தக் கடுதாசில ஒண்ணுமே இல்லியா? பொன்னுதுரை மேல அன்னிக்குக் கை நீட்டிட்டேன். மூணு மாசமா மொகத்தப் பாக்கல. தப்பு யாரு பேர்லன்னு தெரியணும்லா. நாளைக்குக் கொண்டாறேன், இன்னொரு தரம் படி."

இருக்கிறது. இப்போது எனக்கு மனப்பாடம். ஏழாவது வரி: "வேலியில்லாத இடத்தில் ஒருபோதும் அவிழ்த்துவிட வேண்டாம். ஓடும் பொருளைக் கண்டுவிட்டால் இவளுக்குத் தன் பெயர் கேட்காது."

ஏன் விட்டேன்? ஆறாவது வரி நல்ல முடிவாக இருந்தது. அதன்பின் இன்னொரு எச்சரிக்கை வந்தால் அழகு கெடும் என்று நினைத்தேன். அழகு! மெர்டேக்கா காலையில் அந்த வரி என் ஞாபகத்துக்கே வரவில்லை. துரையைத் திட்டினேன், பொன்னுதுரைக்கு மீசை ஒட்டினேன். எல்லாம் இந்த ஒரு வரியைச் சுற்றிக்கொண்டு போவதற்குத்தான்.

6

முடிவு ஒன்று: படிக்கிறேன். அண்ணன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலியைப் பார்த்து நடந்து...

முடிவு இரண்டு: "ஒண்ணும் இல்லண்ணே" என்கிறேன். பொன்னுதுரை ஆயுசுக்கும் என் பழியைச் சுமந்து...

முடிவு மூன்று: பனி பெய்கிறது.

[சீ.]

வாசலில் செருப்புச் சத்தம். அவர்தான். நீங்கள் வாசிக்கத் தெரிந்தவர், இவ்வளவு தூரம் வாசித்தும்விட்டீர்கள். கதவைத் திறங்கள். தாளை வாங்கி அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். ஏழாவது வரி. அழகுபடுத்தாமல்.