லீவில் வளர்ந்த மகள்

பட்டாளத்துக்காரரின் மகள், அப்பா லீவில் வந்திருக்கும் நாட்களில் மட்டும்தான் வளர்ந்தாள். தோள்பையோடு அவர் வாசலில் வந்து நின்ற அன்றே அவளுக்கு முழங்கால் குடைய ஆரம்பித்துவிடும். ஒரு வருஷத்து வளர்த்தியை ஒரே மாதத்தில் முடித்தாக வேண்டுமே. எலும்பு நெறிகிற சத்தம் அடுத்த வீடு வரைக்கும் கேட்கும். அவர் ரயிலேறிய மறுநாளே எல்லாம் நின்றுவிடும். ராணுவக் குடியிருப்பில் யாரும் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டாளத்துப் பிள்ளைகள் என்றால் ஆளுக்கொரு விசித்திரம் இருக்கத்தான் செய்தது. எதிர்வீட்டு டிரைவரின் மகள் ஒவ்வொரு மாற்றலிலும் பழைய ஊர் பாஷையைச் சுத்தமாக மறந்து, புது ஊர் பாஷையில் பேசிக்கொண்டே லாரியிலிருந்து இறங்குவாள். ராணுவ டாக்டர் இவள் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு லீவு கிடைத்தால் சரியாகிவிடும் என்று தைலம் எழுதிக்கொடுத்தார். பிள்ளைகள் அவளைக் கடுகு என்று கூப்பிட்டார்கள். எத்தனை பள்ளிக்கூடம் மாறினாலும் அந்தப் பேர் அவளுக்கு முன்னாடியே போய் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது.

சண்டை மூண்டதும் லீவெல்லாம் வருஷக்கணக்கில் ரத்தானது. பன்னிரண்டு வயதில் கடுகு ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை உயரத்தில் நின்றாள். பிறகு இரண்டு அதிகாரிகள் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவைக் காணவில்லை என்றார்கள். செத்துவிட்டார் என்றும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அம்மா அழவில்லை. மறுநாள் காலையிலிருந்து மகளைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி டேப்பால் அளக்கத் தொடங்கினாள். ஒரு நூல் கூடினாலும் அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். வருஷம் ஒன்றாகியும் ஒரு நூல் கூடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் கடுகு ஒருநாள் குதிகாலைத் தூக்கினாள். அம்மா தோளைப் பிடித்து அழுத்தி, “எக்காதடி. என்னை ஏமாத்தாத” என்றாள். பாவம், அந்தப் பிள்ளை அதற்கப்புறம் மூச்சைக்கூட இழுத்துப் பிடிக்காமல் நின்றது.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்ததும் அம்மா படுத்தாள். எழுந்திருக்கவே இல்லை. அவர் வந்து பார்க்கும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் பாதி வீடு காலி. காலி செய்யும் நாளும் வந்தது; சாயங்காலம் லாரி வந்துவிடும். பரண்மேல் கிடந்த படுக்கைச் சுருள்களை இறக்க ஸ்டூல் போட்டு ஏறினாள் கடுகு. எட்டவில்லை. இனி இந்த வீட்டில் எதற்கும் யாரும் வரப்போவதில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பா வரமாட்டார். மனசுக்குள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கூடவே முழங்கால் குடைய ஆரம்பித்தது.

எலும்பு நெறிகிற சத்தம் கேட்டதும் அம்மா சடாரென்று எழுந்தாள். தலையை வாரினாள், முகம் கழுவினாள், ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். தெருவில் யாரும் இல்லை. கடுகு பேசாமல் இருந்திருந்தால் அவள் அங்கேயே நின்றிருப்பாள்.

“அம்மா, அப்பா வரல. நானாத்தான் வளந்துட்டேன்.”

அம்மா திரும்பினாள். ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் நின்ற மகளின் முகத்தைப் பார்க்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, அத்தனை நாளும் அழாததை வாய்விட்டு அழுதாள். வெகுநேரம் கழித்து, “வலிச்சுதாடி?” என்று கேட்டாள்.

“ரொம்ப” என்றாள் மகள்.

லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார் லாரிக்காரர், அவள் பிடித்தாள். அதன் பிறகு அவள் எல்லா நாளும் வளர்ந்தாள்.