சுவரைப் பார்த்த பாட்டில்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை எல்லாரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் கூப்பிட்டால் சரி. தலைமையாசிரியையும் அப்படித்தான். பெருக்கித் துடைக்கிற ஆயாம்மா அவளைவிட ஆறு வயது மூத்தவள், அவளுக்கும் இவள் அக்காதான். இருபத்திரண்டு வருஷமாக வேதியியல் ஆய்வக பாட்டில்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு இதுதான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டுச் சமையலறையில் எந்த டப்பா காலியானாலும் அதைத் திருப்பி, பேர் சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்துவிடுவாள். கடைக்குக் கிளம்பும்போது முதுகு காட்டி நிற்கிற டப்பாக்களை ஒரு நோட்டம் விட்டால் போதும், சீட்டு எழுத வேண்டாம். அதே பழக்கத்தை ஆய்வகத்துக்கும் கொண்டுவந்துவிட்டாள். மேலே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்றால் பாட்டில் சுவரைப் பார்க்கும். கெட்டுப்போன மருந்து, மூடி சரியில்லாத அமிலம், கொட்ட வேண்டிய கழிவு எல்லாமே முதுகு காட்டும். தொடாதே என்று அர்த்தம். அந்த அர்த்தம் அவள் ஒருத்தி தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்பது ஒரு நாளும் அவளுக்கு உறைக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன வியாழக்கிழமை சாயங்காலம், அடர் கந்தக அமிலம் இருந்த பெரிய பாட்டிலின் கழுத்தில் ஒரு விரிசலைப் பார்த்தாள். அப்படியே விட்டால் அலமாரி தாங்காது. கழுவிக் காயவைத்த பாட்டில் ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது, நீர்த்த அமிலம் என்று எழுதியது. அதில் ஊற்றினாள். பழைய சீட்டின் மேல் புதுசு ஒட்டப் போனால் பசை தீர்ந்துபோயிருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கடைவாய்ப்பல் உயிரை வாங்கியது. விடுப்புச் சொல்லிவிட்டுப் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஆட்கள் வருவதாக இருந்தது. ஆய்வகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்ல, ஆயாம்மா சொன்ன வேலையைச் செய்தாள். தூசி தட்டி, பாட்டில்களை எல்லாம் பேர் தெரியும்படி முன்பக்கம் திருப்பி, ஒரே வரிசையாக அடுக்கினாள். டீச்சர் வந்து, நீர்த்த அமிலம் என்ற பேரைப் பார்த்து பாட்டிலை எடுத்துப் பிள்ளைகளின் மேஜையில் வைத்தார். பேரைப் படித்து எடுத்ததில் அவர் தப்பு என்ன இருக்கிறது.

பதினோராம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாயைத் திறந்தால் கேள்விதான். கேள்விக்காரி என்று பேர் வைத்ததே லேப் அக்காதான். அவள் சோதனையை முடித்துவிட்டு டெஸ்ட் ட்யூபைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். அதில் மிச்சம் அமிலம் இருந்தது. அடர் கந்தக அமிலத்தின் மேல் தண்ணீர் விழுந்தால் கொதித்துச் சீறும். சீறியது. பாதுகாப்புக் கண்ணாடிகள் பன்னிரண்டும் கீறல் விழாமல் பெட்டிக்குள் இருந்தன. விருந்தாளிகள் வந்தால்தான் அவை வெளியே வரும். விருந்தாளிகள் வரவேண்டியது பதினோரு மணிக்கு. இது நடந்தது பத்தரைக்கு.

டீச்சர் பதறாமல் அவள் முகத்தைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் பிடித்திருந்தார். அதனால்தான் இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். இடது கண்ணிலும் கன்னத்திலும் கட்டு. பார்வை இருக்கிறதா இல்லையா என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியும், அதற்குப் பத்து நாள்.

செய்தி வந்தபோது லேப் அக்காவின் வாய் ஊசியில் மரத்திருந்தது. எந்த பாட்டில் என்று கேட்கப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. கன்னத்து மரமரப்பு மத்தியானத்தோடு இறங்கிவிட்டது. உள்ளே பிடித்துக்கொண்டது இறங்கவேயில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண்ணின் அம்மா இவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, வீட்டில் எப்போதும் உங்கள் பேச்சுத்தான் என்று சொல்லி அழுதாள். கையைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. திரும்பி வந்து மற்ற நாள் போலவே ட்யூப்களைக் கழுவிக் கவிழ்த்தாள், பீக்கர்களை எண்ணினாள். டீ சுடுகிறதா ஆறிவிட்டதா என்று தெரியாமலே குடித்தாள். அழுதாலாவது தேவலை என்று தோன்றியது, அழுகையும் வரவில்லை.

பாட்டிலைத் திருப்பிவைத்த கதையை லேப் அக்கா விபத்தன்றைக்கே தலைமையாசிரியையிடம் சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் அவர் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். பயிற்சி இல்லாத துப்புரவுப் பணியாளர் அனுமதியின்றி பாட்டில்களைத் திருப்பி அடுக்கியதே விபத்துக்குக் காரணம் என்று அதில் இருந்தது. அனுமதி என்ன, உத்தரவே கொடுத்தவர் அவர்தான். ஆயாம்மா தற்காலிக ஆள், நிறுத்திவிட்டால் கேட்க நாதி கிடையாது. லேப் அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். உண்மை வெளியே வந்தால் இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான். பாதுகாப்பு அதிகாரி மத்தியானம் வருவார், அவர் முன்னால் ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார். லேப் அக்கா சரிங்க மேடம் என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஆயாம்மா வழக்கம்போலத் தன் டப்பாவை இவள் பக்கம் தள்ளினாள். தான் சாப்பிடவில்லை.

"அக்கா, நான் திருப்பி வச்சதாலதான் அந்தப் புள்ளைக்கு இப்படி ஆச்சா?"

"சாப்பிடுங்க ஆயாம்மா" என்றாள் லேப் அக்கா.

அதிகாரி ஒடிசலான மனுஷன், அதிகம் பேசாதவர். வந்ததும் தாளைத் தொடவில்லை. நேராக மருந்து அறைக்குள் போய் அலமாரியைத் தட்டுத் தட்டாகப் பார்த்தார். தலைமையாசிரியையும் லேப் அக்காவும் பின்னால் நின்றார்கள். ஆயாம்மா வாசலோடு நின்றுகொண்டாள்.

மேல் தட்டின் ஓரத்தில் ஒரு பாட்டில் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரி அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டார். ஆயாம்மா பயந்துபோய், அந்தத் தட்டு தனக்கு எட்டாது, அதைத் தான் தொடவே இல்லை என்றாள். அதிகாரி ஸ்டூலில் ஏறி, பாட்டிலைத் தூக்காமல் மெதுவாகத் திருப்பினார். காய்ச்சி வடித்த நீர் என்று சீட்டு சொன்னது. உள்ளே தண்ணீர் போலவே ஏதோ ஒன்று இருந்தது.

"இதுல என்ன இருக்கு?"

பேர் போட்டபடி தண்ணீர்தான், யாரோ அவசரத்தில் திருப்பி வைத்திருப்பார்கள் என்று சொன்னால் அதோடு முடிந்தது. தலைமையாசிரியை அதைத்தான் எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்த்தார். லேப் அக்கா பாட்டிலைப் பார்த்தாள். எப்போது வைத்தோம், போன மாசமா, போன வருஷமா? எதை ஊற்றினோம்? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. நான்கு நாளுக்கு அப்புறம் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வந்தது. பல் பிடுங்கின இடம் விண்ணென்று தெறித்தது.

"தெரியல சார்" என்றாள். "திருப்பி வச்சது நான். எதுக்குன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

தலைமையாசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

லேப் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சமையலறை டப்பா, சுவரைப் பார்க்கிற பாட்டில், விரிசல், தீர்ந்துபோன பசை. ஆயாம்மா செய்ததுதான் சரி, பாட்டிலில் பேர் வெளியே தெரிய வேண்டும், உள்ளே இருப்பதுதான் பேராக இருக்க வேண்டும் என்றாள். அதிகாரி நின்றபடியே எழுதிக்கொண்டார். ஆயாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விபத்துக்கு முன்னால், இத்தனை வருஷத்தில் இந்த வழக்கத்தை ஒருத்தரிடமாவது சொன்னதுண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றாள். ஒருத்தருமே இதைக் கவனித்துக் கேட்டதில்லையா என்றார்.

"ஒருத்தி கேட்டா சார். அந்தப் பொண்ணுதான். ரெண்டு மாசம் முன்னாடி, ஏன்க்கா இந்த பாட்டில் மட்டும் சுவரப் பாத்து நிக்குதுன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலையாம்னு சொன்னேன்."

அதிகாரியின் பேனா நின்றது.

"சிரிச்சிட்டுப் போயிட்டா" என்றாள் லேப் அக்கா. "அதையும் எழுதிக்குங்க சார்."