இரண்டாவது பூச்சு

"சாய்க்காதீங்க! மட்டமாத் தூக்குங்க!"

அமராவதி போட்ட சத்தத்தில் கதவுப் பலகையைப் பிடித்திருந்த நான்கு ஆண்களும் அப்படியே நின்றார்கள். வாசலில் அவளுடைய கணவன் சுடலைமுத்துவின் உடம்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கொண்டுவந்து கிடத்த இடம் வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே கூடம். அதில் பாதியை அந்தப் பலகை அடைத்துக்கொண்டிருந்தது.

"வெளி முத்தத்தில வச்சிருவோம் அண்ணி" என்றான் முத்துலிங்கம், செத்தவனின் தம்பி. அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"வேணாம், தூசி விழும். குசினிக்குள்ள கொண்டு போங்க."

அவளே முன்னால் போய் அரிசிப் பானையையும் விறகையும் ஒதுக்கி இடம் செய்தாள்.

பலகையின்மேல் சிமெந்தும் மரத்தூளும் குழைத்துச் சுடலைமுத்து செய்த ஒரு சின்ன ஊர் இருந்தது. ஒரு முனையில் குளம். அங்கிருந்து வாய்க்கால், இரண்டு பக்கமும் வயல்கள். மறுமுனையில் அவர்களுடைய இருபத்திரண்டு குடும்பங்களின் காணி. ஐம்பது அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு. மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று உயரத்தை மட்டும் கூட்டியிருந்தான்.

எழுபத்தேழு கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து, நெடுங்கேணிக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். நான்கு வருடமாக மழையை நம்பி விதைத்தார்கள். இரண்டு போகம் முழுவதும் கருகிப் போயிற்று. நான்கு குடும்பங்கள் கூலிக்கு வவுனியாப் பக்கம் போய்விட்டன. வாய்க்காலை நீட்டித் தரச் சொல்லி நீர்ப்பாசனக் கந்தோரில் கேட்ட போதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான்: அது மேட்டுக்காணி, தண்ணீர் ஏறாது.

தேயிலைத் தொழிற்சாலையில் தச்சனாக இருந்த சுடலைமுத்து அதை நம்பவில்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, எட்டு மாதம் முழம் முழமாக மட்டம் பார்த்தான். அவர்களுடைய காணி வாய்க்காலை விட ஒன்றரை அடி பள்ளம். நடுவில் அறுபது அடி நீளத்துக்கு ஒரு மேடு, அவ்வளவுதான். நாளைக் காலையில் அந்தக் கந்தோரில் காலபோக விதைப்புக்கான கூட்டம். அதற்கு வரும் பொறியியலாளருக்குக் காட்டத்தான் இந்தப் பலகை. இன்று விடியற்காலை, தூரிகையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழும்பவில்லை.

பன்னிரண்டு மணிபோல இளையதம்பி வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்தடியில் காணி பெற்றவர். விவசாயிகளின் கமக்காரர் சங்கத்துக்குத் தலைவர். உடம்புக்கு முன்னால் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றுவிட்டுக் குசினி வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு நீங்கள் ஒருதரும் வரேலாது எண்டு நான் சொல்லிவிடுறன். அடுத்த போகத்துக்குப் பாப்பம்."

"அடுத்த போகத்துக்கு நீங்க இருப்பீங்கண்ணே. நாங்க இருக்கணுமே."

அவர் பலகையைப் பார்த்தார். குனிந்து, குளத்திலிருந்து வாய்க்கால் வழியே கண்ணை ஓட்டிக்கொண்டு போனவர், அந்த மேட்டில் நிறுத்தினார். விரல் அதை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க."

"இது... என்ர வாழைத்தோட்டமெல்லோ?"

"ஆமா."

அவர் விரலை இழுத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குப் பறை முழங்க உடம்பைத் தூக்கினார்கள். கொள்ளிச் சட்டியோடு முத்துலிங்கம் முன்னால் நடந்தான். வேலிப் படலை வரைக்கும் போன பெண்கள் திரும்பி வந்து வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். அமராவதி கிணற்றில் எட்டு வாளி அள்ளித் தலையில் ஊற்றினாள். ஈரச் சேலையோடு நேரே குசினிக்குள் போனாள்.

"என்னடி செய்யப் போற?" என்றாள் பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி, கையில் விளக்குமாற்றோடு.

"இரண்டாவது பூச்சு பாக்கி."

"அவரு இன்னும் சுடுகாடே போய்ச் சேரல. ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்குத்தான் பூசுறேன். நீ தரையை நல்லா ஈரமாக்கு. தூசி அடங்கட்டும்."

முந்தாநாள் அவன் பலகை முழுவதும் முதல் பூச்சாகப் பளபளக்கும் வார்னிஷ் அடித்திருந்தான். அது கண்ணாடிபோலக் காய்ந்திருந்தது. வெறும் சிமெந்தில் மை ஊறிப் பரவும். மினுக்கத்தின்மேல் எழுதினால் எழுத்து அப்படியே நிற்கும். பிழை வந்தால் ஈரத் துணியால் துடைக்கலாம். மட்டம் பார்க்க நிலத்தில் அடித்த ஒவ்வொரு முளைக்குச்சியின் உயரத்தையும் கறுப்பு மையால் எழுதிக்கொண்டு வந்தவன் கடைசி மூன்றை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

அவள் அவன் அளவெழுதிய கொப்பியைத் திறந்து அந்த மூன்றையும் தேடிப் பிடித்தாள். முதல் எண் கோணிப் போயிற்று. துடைத்தாள். மறுபடி எழுதினாள். அதுவும் நேராக இல்லை, ஆனால் வாசிக்கலாம். மற்ற இரண்டையும் எழுதி, மை காயும் வரைக்கும் பார்த்திருந்தாள்.

அடுத்தது பளபளப்பை அடக்கும் மங்கல் பூச்சு. கந்தோரில் பலகையை யன்னலோரம்தான் வைப்பார்கள், நிலம் பளபளத்தால் வெளிச்சம்தான் தெரியும், மேடு பள்ளம் தெரியாது என்று அவன் நாலு தரமாவது சொல்லியிருப்பான். வார்னிஷில் கற்பூரத்தைலத்தை விட்டு இளக்கி, முகத்துக்குப் போடும் பவுடரைக் கலந்து வைத்திருந்தான். பவுடர் அடியில் தங்கியிருந்தது. அடிவரை குச்சியை விட்டுக் கலக்கினாள். ஒவ்வொரு தரம் தூரிகையைத் தோய்க்கும் முன்னும் மறுபடி கலக்கினாள்.

குளத்தையும் வாய்க்காலையும் தொடாமல் நிலத்துக்கு மட்டும் பூசினாள். ஒரே போக்கில் ஓர் இழுப்பு. திரும்பித் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் வெள்ளைக் கோடு விழும். உடம்பைத் தூக்கும் முன்பு அவளுடைய கண்ணாடி வளையல்களை உடைத்திருந்தார்கள். வெறுங்கை எங்கும் இடிக்காமல் போய் வந்தது. வயல் வயலாகப் பளபளப்பு அடங்கி மண் மாதிரி ஆயிற்று. தண்ணீர் மட்டும் மினுங்கியது.

ஆண்கள் திரும்பி வந்த போது அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முத்துலிங்கம் குசினிக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே நின்ற கோழியை விரட்டிவிட்டான்.

மறுநாள் காலை இளையதம்பியின் டிரக்டர் வந்து நின்றது. அவளுக்கே நம்ப முடியவில்லை. அதன் பின்பெட்டியில் வைக்கோல் பரப்பிப் பலகையை வைத்தார்கள். சாவுத் துடக்குக் கழியாதவள் கூட்டத்துக்கு வருகிறாளே என்று வழியில் நின்ற இருவர் கதைத்தது காதில் விழுந்தது. அவள் பலகையின் விளிம்பை விடவில்லை.

கந்தோரில் யன்னலோரம்தான் வைத்தார்கள். பொறியியலாளர் சுற்றி வந்து பார்த்தார். பிறகு குந்தியிருந்து கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டு வந்தார். வெயில் நேரே விழுந்தும் நிலம் பளபளக்கவில்லை. வாய்க்கால் மினுங்கிக்கொண்டு போய் மேட்டடியில் நின்றது. மேட்டுக்கு அப்பால் நிலம் தாழ்ந்து கிடந்தது.

"ஆர் அளந்தது?"

"எம் புருஷன்."

"அவர் வரேல்லையோ?"

"நேத்து எரிச்சாச்சுங்க."

பொறியியலாளர் எழும்பி நின்றார்.

"இந்த மூண்டு எண்ணும் வேற கையெழுத்தா இருக்கு."

"நான் எழுதினது. அளவு அவரோடதுதான். கொப்பி கொண்டாந்திருக்கேன்."

அவர் கொப்பியை வாங்கிப் புரட்டினார். மூன்று எண்ணையும் ஒத்துப் பார்த்தார். "தலைவர், இந்த மேடு உண்மையோ?"

இளையதம்பி யன்னலுக்கு வெளியே பார்த்தார். சங்கத்துக்காரர் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஓம் சேர். அதில என்ர வாழை நிக்குது." பலகைப் பக்கம் திரும்பினார். "வெட்டுறதெண்டால் வெட்டலாம்."

எட்டாம் நாள் நில அளவையாளர் கருவியோடு வந்தார். வாழைகளுக்கு நடுவிலும் வரம்பிலும் நடந்து நடந்து பார்த்தார். சுடலைமுத்துவின் கணக்குக்கும் அவருடையதற்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம் என்றார். புது வாய்க்கால் வரும் தடத்தில் வெள்ளை தீட்டிய முளைகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்து, கடைசி முளையை அமராவதியின் வேலியோரம் அடித்துவிட்டுப் போனார்.

அன்று எட்டாம் நாள் சடங்குக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு அமராவதி பின்பக்கம் போனாள். யாரோ அந்த முளையில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். இழுத்த இழுப்பில் முளை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவள் கயிற்றை அவிழ்த்து ஆட்டை நாவல் மரத்தில் கட்டினாள். திரும்பி வந்து முளையை நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள்.