வெட்டக் கூடாத பாதிரியாரின் கல்யாணக் கேக்

1

இந்தக் கதையை எழுதுவதில் எனக்குச் சுயநலம் இருக்கிறது. குழிக்குள் விஷம் ஏறிக் கிடக்கும் மந்திரவாதி என்னுடைய ஆள். அவன் பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். இனி நான் எழுதுவதைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஷெபாய்கன் நகரில், 1976 கோடையில், பனி மூடிய அந்த...

(கோடையில் ஏது பனி? அடித்துவிட்டேன்.)

2

நாங்கள் மூன்று பேர். சனிக்கிழமைதோறும் ஆர்லன் வீட்டு நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், மேசை போட்டு, ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் கற்பனை ஆட்டத்துக்கு உட்காருவோம். ஆர்லன்தான் நடுவர். ஒரு பாதாளக் கோட்டையை அவன் வாயாலேயே கட்டுவான். வெர்லின் அதற்குள் போகும் பாதிரியார், நான் மந்திரவாதி. பிழைப்பதும் சாவதும் பகடையின் கையில்.

விதிப்புத்தகம் கறார். மந்திரவாதி கவசம் போடக் கூடாது. பாதிரியார் வெட்டும் ஆயுதம் எதையும் தொடக் கூடாது. ரத்தம் சிந்துவது பாவமாம். கதாயுதத்தால் மண்டையைப் பிளக்கலாம். அதில் ரத்தம் வராதா என்று ஆர்லனிடம் கேட்டால், "புத்தகத்துல வராது" என்பான்.

ஆட்டத்தில் நான் சமையல் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

"அது தலைக்கவசம்டா," என்றான் ஆர்லன்.

"இல்லடா. உள்ள சூப் இருக்கு."

ஆர்லன் கொஞ்சம் யோசித்துவிட்டு அனுமதித்தான். ஆனால் சூடான சூப் வழிந்ததற்கு ஒரு பகடை உருட்டச் சொன்னான்.

3

வெர்லின் பிடிவாதக்காரன். கோட்டைக்குள் அவனுக்கு ஒரு மாய வாள் கிடைத்தது. விடுவானா?

"உறையோட வச்சு அடிக்கறேன். உறைக்குள்ள இருந்தா அது வெறும் தடிதானே?"

"உறை கிழிஞ்சா?"

"நான் அடிக்கத்தான் செஞ்சேன். கிழிஞ்சது உறையோட தப்பு."

மாலை முழுக்க இதே வழக்கு. கடைசியில் ஆர்லன் களைத்துப்போய் ஒரு பேரம் பேசினான். "சரி, உறையோட வச்சுக்கோ. ஆனா பதிலுக்குத் தடை உனக்கும் சேத்துத்தான். ஆட்டம் முடியற வரைக்கும் நெஜத்துலயும் நீ கத்தியைத் தொடக் கூடாது. தொட்டா உன் பாதிரியாருக்கு சக்தி போயிடும்."

கை குலுக்கினார்கள். எங்கள் ஊரில் கை குலுக்கினால் குலுக்கியதுதான். அன்று முதல் வெர்லின் ரொட்டியைப் பிய்த்துத் தின்றான், இறைச்சியை எலும்போடு கடித்தான்.*

* அவன் காதலி மார்லிஸ் அவன் படும் பாட்டைப் பார்த்துத் தானே இறைச்சியைத் துண்டு போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். அவள் கையால் சாப்பிட ஆசைப்படுகிறான் என்று நினைத்தாள். அவன் மறுக்கவில்லை. இந்த அடிக்குறிப்பில்தான் கதையே இருக்கிறது; மேலே ஏற்ற இடமில்லாமல் இங்கே வைத்தேன்.

4

வெர்லின், மார்லிஸ் கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை என் மந்திரவாதியைச் சிலந்தி கடித்தது. குழிக்குள் விழுந்தான். விஷத்தை இறக்கச் சக்தி போகாத பாதிரியாரின் ஜெபம் வேண்டும். ஆட்டம் அந்த இடத்தில் நின்றது. "மீதி கல்யாணத்துக்கு அப்புறம்," என்றான் ஆர்லன்.

கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து வெட்ட வேண்டிய கேக் எங்கள் மூவருக்கும் ஞாபகமே வரவில்லை.

5

மாதா கோயில் கூடம். மார்லிஸ் கத்தியை நீட்டினாள். வெர்லின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் ஆர்லனைத் தேடினான்.

"ஆர்லன், அவ கை மேல என் கை இருந்தா?"

"மேல இருக்கற கைதான் வெட்டும்."

"கீழ இருந்தா?"

"கீழ இருக்கற கைதான் கத்தியைப் புடிக்கும்."

"என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றாள் மார்லிஸ். "இது என்ன விளையாட்டா?"

"ஆமா மார்லிஸ்," என்றான் ஆர்லன். பொய் சொல்லத் தெரியாதவன். பேரத்தை ஒன்று விடாமல் ஒப்பித்தான்.

மார்லிஸ் வெர்லினைப் பார்த்தாள். "அப்ப நான் வெட்டிக் குடுத்ததெல்லாம் இதுக்காகத்தானா?"

(இங்கே வெர்லின் அழகாக ஒன்று சொல்ல வேண்டும். நானும் மூன்று நாளாக எழுதிப் பார்க்கிறேன். அவன் அழகாகப் பேசுகிற ஆள் இல்லை.)

"மொதல்ல அதுக்காகத்தான்," என்றான் வெர்லின்.

"அப்புறம்?"

"அப்புறம் பழகிடுச்சு."

அவள் கத்தி நீட்டிய கையை இறக்கவில்லை. "இத்தனை மாசமா நான் வெட்டிக் குடுத்தேன். இன்னிக்கு ஒரு நாள் நீ எனக்கு வெட்டிக் குடு."

6

நான் எழுதிப் பார்த்த முதல் முடிவில் கத்தியின் பிடி கழன்று விழுகிறது. வெட்கங்கெட்ட முடிவு.

இரண்டாவதில் நான் எழுந்து, "மந்திரவாதிக்குச் சின்னக் கத்தி உண்டுன்னு விதி இருக்கு, நான் வெட்டறேன்" என்கிறேன். என் மந்திரவாதி பிழைக்கிறான். ஆனால் மார்லிஸ் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தக் கவசமும்...

மூன்றாவதில் வெர்லினே வெட்டுகிறான். எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். நல்ல முடிவாகத்தான் இருந்தது.

வழக்கில் நான் ஒரு கட்சிக்காரன், தீர்ப்பு எழுத எனக்கு உரிமையில்லை. மார்லிஸுக்குக் கை வலிக்கிறது. இனி நடுவர் நீங்கள்தான். வெர்லின் வெட்டட்டும் என்று சொன்னால் நான் தடுக்க மாட்டேன். சொல்வதற்கு முன் அந்தக் குழியை மட்டும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தலையில் பாத்திரத்தோடு ஒருவன் மேலே பார்த்துக்கொண்டு கிடப்பான். சூப் இன்னும் ஆறவில்லை.