உப்புப் பார்க்காமல்

காளானைக் கத்தியால் வெட்டக்கூடாது, முள்ளுக்கரண்டியால் கிழிக்க வேண்டும் என்பது புஸ்பராணிக்குத் தெரியும். தடித்த தண்டை மேசையில் படுக்கவைத்து, முள்ளுக்கரண்டியை மேலிருந்து கீழே அழுத்தி இழுத்தால் அது நார் நாராகப் பிரிந்து, அவித்துப் பிய்த்த இறைச்சி மாதிரியே வரும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் மகள் மேனுகா இதே குசினியில் நின்று செய்ததை, பார்க்காதவள் போல வெங்காயம் உரித்துக்கொண்டு, கடைக்கண்ணால் பார்த்தே படித்திருந்தாள். பூண்டு எத்தனை பல்லு, புகைமணம் அடிக்கிற அந்த மிளகாய்த்தூள் எவ்வளவு, தக்காளிச் சோஸுக்குள் வினாகிரியும் சீனியும் எப்போது விழ வேண்டும், எல்லாம் மனப்பாடம். ஒன்றுதான் தெரியாது. அது என்ன ருசியாக இருக்கும் என்று தெரியாது. மேனுகா எத்தனையோ தரம் நீட்டியும் அவள் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

இன்றைக்கு மேனுகாவின் எட்டு, அவள் போய் எட்டாம் நாள். போனவருக்கு உயிரோடு இருந்தபோது எதெது விருப்பமோ அதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் படைத்து, விளக்கேற்றி, அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று. அதற்குப் பிறகுதான் வீட்டார் கை நனைக்கலாம். படைக்கிற வரைக்கும் எதிலும் வாய் வைக்கக்கூடாது, உப்புக்கூடப் பார்க்கக்கூடாது. எண்பது வயதுக் கிழவிக்கோ கிழவனுக்கோ செய்கிற சடங்கென்றால் சமையலுக்குக் கை தானாக ஓடும். இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு, வேலைக்குப் போகவென்று பென்டில் ஹில் ஸ்ரேசனில் ரயிலுக்கு நின்ற இடத்தில் தலைக்குள் ஏதோ வெடித்து விழுந்து போனவளுக்கு, எந்தத் தாய் உலை வைப்பாள்? ஆனாலும் வைத்தாள். வைக்காமல் முடியுமா.

பென்டில் ஹில் வட்டாரத்தில் புஸ்பராணியின் ஆட்டிறைச்சிக் கறிக்கு ஒரு பெயர் இருந்தது. கோயில் திருவிழா முடிந்து ஒரு கிழமை போனதும், பிறந்தநாள், சாமத்தியவீடு என்று யார் வீட்டில் என்ன நடந்தாலும் கறிச்சட்டி இவள் வீட்டு அடுப்பில்தான் ஏறும். மேனுகாவே சின்னதில் எலும்பை உறிஞ்சி உறிஞ்சிச் சட்டையெல்லாம் குழம்பாக்கினவள்தான். அவள் ஒருநாள் வந்து, அம்மா, நான் இனி வீகன், இறைச்சி மீன் முட்டை பால் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னபோது, புஸ்பராணிக்கு மாட்டின் மேலும் கோழியின் மேலும் மகள் வைத்த இரக்கம் ஒன்றும் கண்ணில் படவில்லை. என்னுடைய கையை வேண்டாமென்கிறாள் என்றுதான் பட்டது. அன்றைக்கு ஏறிய கோபம் பிறகு இறங்கவேயில்லை. கத்திச் சண்டை பிடிக்கிற கோபமல்ல. பிள்ளை தட்டை நீட்டினால், "எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டு, பிள்ளை பார்க்கச் சோறும் குழம்பும் போட்டுச் சாப்பிடுகிற கோபம். அப்பன் ஞானசேகரத்துக்கு அந்த வீறாப்பெல்லாம் இல்லை. சனிக்கிழமை பஸ் ஓட்டப் போகாத நாட்களில் மகளோடு பின்வளவில் பார்பிகியூ அடுப்படியில் கதிரை போட்டு உட்கார்ந்து, அவள் கொடுக்கிறதைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி உள்ளே வருவார். புஸ்பராணி குசினி யன்னல் திரையை இழுத்து மூடிவிடுவாள்.

நேற்று மாலை விமலா பொயிண்ட் குக்கிலிருந்து வந்து இறங்கியதுமே எட்டுச் சமையலைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஞானசேகரத்தின் தங்கை. குறை சொல்லக்கூடாது, மருமகளை நினைத்து விமானப் பயணம் முழுக்க அழுதுகொண்டு வந்தவள். நண்டு, கணவாய்ப் பிரட்டல், இறால் பொரியல், முட்டை, ஆட்டிறைச்சி என்று விரலை மடக்கிச் சொன்னபோது, "பிள்ளைக்கு எல்லாம் விருப்பம், மச்சாள்" என்று கண்ணைத் துடைத்தாள். அவள் சொன்ன பிள்ளை பத்து வயது மேனுகா. ஆனால் அதைச் சொல்லப் புஸ்பராணிக்கு வாய் எங்கே இருக்கிறது? மூன்று வருடமாக எதை எதிர்த்து முகத்தைத் திருப்பினாளோ அதற்காக இன்றைக்கு வழக்குப் பேச அவளுக்கு வெட்கமாக இருந்தது. காலையில் எழும்பி இறைச்சியைத் தானே சமைத்தாள். பிறகு மத்தியானம் போல, யாரிடமும் எதுவும் சொல்லாமல், ஞானசேகரம் வாங்கிவைத்திருந்த காளானை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினாள்.

கிழித்ததை எண்ணெயில் பூண்டோடு வதக்கி, தூள் போட்டு, சோஸ் ஊற்றிப் பிரட்டினாள். தண்ணீர் வற்றி ஓரம் சிவந்து வந்தது. பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சரியா? அவள் கை அகப்பையோடு வாய் வரை போய் நின்றது. முப்பது வருடச் சமையலில் உப்புப் பார்க்காமல் ஒரு சட்டியை அவள் இறக்கியதில்லை. இறைச்சிக்கு அந்தக் கவலை இல்லை, கையே அளவு சொல்லும். இது இன்றைக்கும் ருசி பார்க்க முடியாத பண்டம், இதற்கு முன்னும் ருசி பார்க்காத பண்டம். பார்த்த ஒரே ஆள் முன்னறையில் வந்த சனத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவரும் இன்றைக்கு வாயில் வைக்க முடியாது. கேட்டாவது பார்க்கலாம் என்று எட்டிப் பார்த்தாள். கேட்டால் அவர் அழுவார், சனத்துக்கு முன்னால் அழ விடக்கூடாது என்று திரும்பினாள்.

திரும்பியபோது விமலா இறைச்சிச் சட்டிக்குள்ளிருந்து ஒரு அகப்பை குழம்பை அள்ளிக் காளானுக்குள் ஊற்றிக் கிண்டிக்கொண்டு நின்றாள்.

"வெறும் காளான், மச்சாள். பிள்ளைக்கு ஒரு வாசமாவது இருக்கட்டுமே எண்டுதான்..."

நல்ல மனதோடுதான் செய்தாள். புஸ்பராணிக்கு அது தெரியும். இதே வேலையை அவளே செய்திருப்பாள், ஒரு கரண்டிதானே என்று. மேனுகா தனக்கென்று புறம்பாகச் சட்டியும் அகப்பையும் வாங்கி வைத்ததே அதனால்தான். அந்தச் சட்டிதான் இது. சிவந்த சோஸின் மேல் ஆட்டுக் கொழுப்பு பொட்டுப் பொட்டாக மிதந்தது. புஸ்பராணி அடுப்பை நிற்பாட்டினாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முழுவதையும் குப்பை வாளிக்குள் கவிழ்த்தாள்.

"என்ன மச்சாள் செய்யிறியள்! சாமான் நிறைஞ்ச சட்டி!"

"அவள் தின்ன மாட்டாள், விமலா."

"செத்த பிள்ளை, மச்சாள்... இனி என்ன..."

விமலா அதைச் சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் கேட்டு ஞானசேகரம் குசினி வாசலுக்கு வந்தார். குப்பை வாளியையும் மனைவியையும் பார்த்தார்.

"இலையில இறைச்சி வைக்க வேண்டாம்," என்றாள் புஸ்பராணி. குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "நண்டு, முட்டை ஒண்டும் வேண்டாம். வந்த சனத்துக்குக் குடுங்கோ. என்ர பிள்ளை பசியோட வந்து, இலையைப் பாத்திட்டு, வாய் திறந்து கேக்கவும் ஏலாமல் திரும்பிப் போகக்கூடாது."

"எட்டுக்கு மச்சம் மாமிசம் படைக்காட்டி ஊர் என்ன சொல்லும், அண்ணை?" விமலா தமையனைப் பார்த்தாள்.

ஞானசேகரம் காற்சட்டைப் பையில் கார்ச் சாவியைத் தடவினார். "நான் போட்டு வாறன். தண்டு தடிச்ச காளான்தானே. எனக்குத் தெரியும், எங்க கிடக்கிறதெண்டு," என்றார். போனார். சனம் முன்னறையில் மெதுவான குரலில் கதைத்தது, யாரோ விமலாவைக் கூப்பிட்டு என்னவாம் என்று கேட்டது, எல்லாம் புஸ்பராணிக்குக் கேட்டது. கேட்கட்டும் என்று நின்றாள். சட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். கொழுப்பு லேசில் போகவில்லை. சுடுதண்ணீர் ஊற்றி மறுபடியும் தேய்த்தாள். பிள்ளை இருந்தபோது ஒரு தரமாவது இப்படித் தேய்த்துக் கொடுத்திருக்கலாமே என்ற நினைப்பு வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

இரண்டாம் முறை செய்தபோது விமலா பக்கத்தில் வந்து நின்றாள். கோவா இலையை மெல்லிசாக அரிந்தாள். பணிஸ் ரொட்டியைப் பிளந்து வைத்தாள். பட்டர் டப்பாவை எடுக்கக் கை நீட்டியவள், புஸ்பராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் படைத்தார்கள். இலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய், வடை, நடுவில் இரண்டு சான்ட்விச். ஓரத்தால் சோஸ் வழிந்தது. படத்தில் மேனுகா பட்டமளிப்புச் சேலையில் சிரித்தாள். இதைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று யாராவது நினைத்திருக்கக்கூடும், யாரும் சொல்லவில்லை. விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் முன் முற்றத்தில் போய் நின்றார்கள். புஸ்பராணிக்கு அந்தச் சாத்திய கதவைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. எதையும் நம்புகிற ஆளல்ல அவள். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம், வந்திருப்பாள், கையால் எடுத்திருப்பாள், கடித்திருப்பாள் என்று நம்பினாள். நம்பியதால் பயமாகவும் இருந்தது. சரியாக இருக்குமோ? என்னுடையது மாதிரி இல்லையே அம்மா என்று நினைப்பாளோ?

கதவைத் திறந்து, சனத்துக்குப் பரிமாறி, சனம் சாப்பிட்டு, செத்தவீட்டு வழக்கப்படி சொல்லாமல் கொள்ளாமல் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு, படையலில் இருந்த சான்ட்விச் ஒன்றைப் புஸ்பராணி தட்டில் எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு வந்தாள். ஞானசேகரம் அங்கே தனியாக இருந்தார். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றதை வாயில் வைத்தாள். முதல் தரம். இனிப்பு, புளிப்பு, பின்னால் ஒரு உறைப்பு. பல்லுக்கு இதமாக இருந்தது. நல்ல ருசி. இவ்வளவுதானா, இதற்கா மூன்று வருடம் என்று பட்டது.

"இப்பிடித்தானே இருக்கும்?" என்று கேட்டாள்.

ஞானசேகரம் நெடுநேரம் மென்றார். பொய் சொல்லத் தெரிந்த மனிதர்தான், தேவையான இடத்தில் சொல்லியும் இருக்கிறார்.

"இல்லை," என்றார். "இது நல்லாயிருக்கு."

"அப்ப அவளின்ர?"

"அவளின்ர ஒவ்வொரு நாளும் கருகிப்போகும். கடைசியில இஞ்ச கொண்டுவந்து இந்த இரும்புத் தட்டில போட்டு வாட்டுறவள். கதைச்சுக்கொண்டு நிண்டு மறந்துபோவாள். கசக்கும். நான் ஒண்டும் சொல்றேல்லை."

புஸ்பராணி கையிலிருந்த பாதியைப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கத் தன் கைப்பக்குவத்தைப் பற்றிப் பெருமைப்பட்டவள், இன்றைக்கு முதன்முதலாக அதை வெறுத்தாள். எழும்பி உள்ளே போனாள். சட்டியில் மிச்சமிருந்த காளானை அப்படியே கொண்டுவந்தாள். காஸைத் திறந்து பார்பிகியூவைப் பற்றவைத்து, இரும்புத் தட்டில் கொட்டிப் பரப்பினாள். சீறிக்கொண்டு புகை எழும்பியது.

"என்ன கதைக்கிறனீங்கள் ரெண்டு பேரும்?"

"என்ன கதை... பஸ்ஸில ஏறுற சனத்தைப் பற்றி. அவளின்ர ஒபிஸைப் பற்றி." ஞானசேகரம் எழும்பி வந்து பக்கத்தில் நின்றார். "உம்மைப் பற்றியும்தான்."

"என்னைப் பற்றி என்ன?"

"மூண்டு பணிஸ்தான் எப்பவும் கொண்டு வருவாள். இண்டைக்கு அம்மா வருவா பாருங்கோ எண்டு சொல்லுவாள். கடைசியில மூண்டாவதையும் நான்தான் தின்னுறனான்."

சோஸ் கொதித்துக் கொதித்து ஓரங்களில் கறுக்கத் தொடங்கியது. இடுக்கி புஸ்பராணியின் கையில்தான் இருந்தது. பழக்கத்தில் அது ஒருதரம் தட்டை நோக்கிப் போனது. ஞானசேகரம் அந்தக் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார்.

"சொல்லுங்கோ. வேற என்ன சொன்னவள்?"

அவர் சொல்லத் தொடங்கினார். புகை தடித்து வேலிக்கு மேலால் அடுத்த வளவுக்குள் போனது. கண் எரிந்தது. இரண்டு பேரும் விலகாமல் அதற்குள்ளேயே நின்றார்கள்.