மூன்றாவது வரிக் கொக்கி

கொள்ளிடத்தில் வெள்ளம் வரப்போவது கீழப்படுகை ஊரில் முதலில் ரேகாவின் மார்புக்குத்தான் தெரியும். மைக் கட்டிய ஆட்டோ அறிவிப்புக்கு வந்து சேர்வதற்கு ஒரு பகல் முன்னாலேயே அவளுடைய ஜாக்கெட்டில் கொக்கி மாட்டாமல் போய்விடும். இதை ஊரில் யாரும் அதிசயமாகப் பேசியதில்லை. குமராட்சிக்குத் தெற்கே மினிபஸ் திரும்பும் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஆற்றங்கரையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கீழப்படுகை. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் வீடு கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். மண் நல்ல மண், கத்திரிக்காய் கையகலம் காய்க்கும். தண்ணீர் வந்தால் மாடு, மெத்தை, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் கரைமேல் ஏற்றிவிட்டு, அது வடியும்வரை மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் சேதி எங்கிருந்து வருகிறது என்பது முக்கியமில்லை, எவ்வளவு முன்னால் வருகிறது என்பதுதான் முக்கியம்.

ரேகாவுக்கு அது பிறவியில் வந்ததல்ல. சிதம்பரம் கீழவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் மடித்த புடவையைப் பார்த்து வாங்க மாட்டார்கள், யாராவது கட்டிக் காட்ட வேண்டும். கட்டிக் காட்ட ரேகாவை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. முந்தானை நிற்க ஒரு இடம் வேண்டாமா என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொல்வார். பல வருஷம் மற்ற பெண்கள் கட்டி அவிழ்த்த புடவையை மடித்து வைத்தாள். பிறகு, தன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு சென்னைக்குப் போய், இரண்டு பக்கமும் உப்புநீர் நிரப்பிய சிலிகோன் பை வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சொந்தச் சம்பாத்தியம், சொந்த உடம்பு. அதற்காக அவள் வெட்கப்படவில்லை, சந்தோஷப்பட்டாள், அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அடுத்த முகூர்த்த சீசனில் கடையில் அவள்தான் கட்டிக் காட்டினாள். மாம்பழக் கலர் பட்டில் அவள் திரும்பி நின்றபோது எதிரே உட்கார்ந்திருந்த குடும்பம் விலையே கேட்கவில்லை.

மினிபஸ் ஓட்டும் இளவரசுவைக் கட்டிக்கொண்டு கீழப்படுகைக்கு வந்த முதல் ஆடியிலேயே அது ஆரம்பித்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கொக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்தன. மார்பு இரண்டும் கெட்டியாக, குளிர்ந்து போயிருந்தன, அதிலும் இடதுபக்கம் அதிகம். இளவரசு பயந்துபோய்க் காதை வைத்துப் பார்த்தான். உள்ளே மதகு திறந்ததுபோல இரைச்சல் கேட்டது. மறுநாள் சாயங்காலம் ஆறு ஊருக்குள் வந்தது. தண்ணீர் வடிய வடிய அவளும் வடிந்தாள். ஐப்பசியில் மறுபடியும் அப்படியே நடந்தது. இந்த முறை அவள் உடம்பில் வண்டல் வாடை அடித்தது, தலையணையில் ஈரம் இருந்தது, கூந்தலைச் சீவினால் சீப்பில் ஆகாயத்தாமரை வேர் வந்தது. வேரை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

தையல்கார இருசம்மாளிடம் எதையும் மறைக்க முடியாது, அவள் டேப் வைத்தே ஊரைப் படித்தவள். மாதத்துக்கு ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தால் கேட்கத்தானே செய்வாள். கேட்டாள், ரேகா சொன்னாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அசிங்கமாகப் பேசுவார்கள் என்று ரேகா எதிர்பார்த்திருந்தாள். ஒருத்தரும் அப்படிப் பேசவில்லை. அடுத்த தண்ணீர் எப்போது என்று மட்டும் கேட்டார்கள். இருசம்மாள் யோசித்து, ரேகாவின் ஜாக்கெட்டுகளில் கொக்கி மாட்டும் நூல் வளையத்தை மூன்று வரியாக வைத்துத் தைத்தாள். முதல் வரியில் கொக்கி நின்றால் ஆறு சும்மா இருக்கிறது. இரண்டாவது வரி என்றால் கீழணையில் தண்ணீர் சேர்கிறது. மூன்றாவது வரிக்குப் போனால் மாட்டை அவிழ்க்க வேண்டியதுதான். இளவரசுவின் தாய்மாமன் கலியமூர்த்தி, பழைய ஊராட்சித் தலைவர், டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நெல் விலை கேட்பது மாதிரி கேட்பார், இன்னிக்கு எந்த வரி என்று. ரெண்டாவதுதான், என்று யாராவது பதில் சொல்வார்கள். ரேகா பஸ்ஸுக்கு நடந்து போகும்போது ஆண்கள் தயங்காமல் அவள் மார்பைப் பார்த்தார்கள். கேட்டால் ஆத்தைப் பாக்கறோம் என்றார்கள். ஒரு சிலர் பங்குனி வெயிலிலும் பார்த்தார்கள்.

வருஷங்கள் போயின. ஒரு வெள்ளத்திலும் கீழப்படுகையில் ஒரு கன்றுக்குட்டிகூடச் சாகவில்லை. ரேகாவுக்குத்தான் வலி கூடிக்கொண்டே போனது. வெளியிலிருந்து வந்த பொருளைச் சுற்றி உடம்பு தானாக ஒரு கூடு கட்டிக்கொள்ளும், அந்தக் கூடு சிலருக்கு இறுகிப்போகும் என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் கனிமொழி டாக்டர் விளக்கினார். எடுத்துவிடலாம், எடுத்தால் சரியாகிவிடும் என்றார். ரேகா ஊருக்கு வந்து சொன்னாள். இந்த ஐப்பசி போகட்டும்மா என்றார் கலியமூர்த்தி. அந்த ஐப்பசி போனது. கரையை உயர்த்தப்போகிறார்களாம், அது முடியட்டும் என்றார். இடதுகையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல், கடையில் அவள் வலது கையால் மட்டும் முந்தானை போடப் பழகினாள். ஊர் அவளை நன்றாகத்தான் வைத்துக்கொண்டது. முதல் அறுப்பில் நெல் வரும், மீன் பிடித்தால் விரால் வரும். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் ஒருவரும் வரவில்லை.

ஒரு ஆனி மாதம், ஆற்றில் மணல் வெந்துகொண்டிருந்தபோது, கொக்கி மூன்றாவது வரிக்குப் போனது. மேட்டூரில் தண்ணீரே இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பேப்பரை யார் நம்பினார்கள்? ஊர் மொத்தமும் கரையேறியது. ரேகாவும் வீட்டு அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு ஏறினாள், இளவரசு பஸ் ஓட்டப் போயிருந்தான். இரண்டு நாள் வெயிலில் கிடந்தும் தண்ணீர் வரவில்லை. ஜனங்களுக்குக் கோபம் வந்தது, சிலர் அவள் காதுபடவே முனகினார்கள். இருசம்மாள்தான் அவளைத் தனியே கூட்டிப்போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, பொண்ணு முழுகாம இருக்கு, ஆறும் இல்ல ஒண்ணும் இல்ல என்றாள். இப்படித்தான் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் அந்தச் சேதி கரைமேல் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் சிரித்தார்கள், மெத்தைகளைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். இறங்கின அன்று சாயங்காலமே அவளுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தது. மாடுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. குழந்தை தங்கவில்லை.

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஊர் வந்து பார்த்தது. கலியமூர்த்தி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, உடம்ப பாத்துக்கம்மா என்றார். பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, இப்ப மொத வரிக்கு வந்துட்டுதா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்குப் பதினாறு மாடு. ரேகா ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் போன பிறகு இளவரசுவைக் கூப்பிட்டு, அடுத்த வாரம் கடலூர் போறேன், நீ வந்தாலும் சரி வராட்டாலும் சரி என்றாள். அவன் வருகிறேன் என்றான்.

கடலூர் கிளம்பிய அன்று முதல் டிரிப் மினிபஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்தாள். கலியமூர்த்தியும் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தார். குமராட்சி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிறுத்தவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற ஊர் என்றார், ராத்திரியில் தண்ணீர் வந்தால் என்ன ஆவது என்றார், கையெடுத்துக் கும்பிடவும் செய்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்தவள்தான் அவளும். இறங்கும்போதுதான் பேசினாள்.

"தண்ணி ஏறுறது தெரிய கரையில ஒரு அளவுக்கல்லு நட்டுக்கங்க மாமா. நான் போறேன்."

இளவரசு வண்டியை மாற்று டிரைவரிடம் விட்டுவிட்டு அவளோடு கடலூர் பஸ் ஏறினான். ஆபரேஷன் சுலபமாக முடிந்தது. கூட்டை வெட்டிப் பைகளை எடுத்துத் தட்டில் வைத்தபோது பைகள் கிழியாமல் முழுசாக இருந்தன. உள்ளே தெளிந்த உப்புநீருக்குப் பதில் செங்கலங்கல் தண்ணீர் இருந்தது, ஒன்றில் ஒரு கெண்டைக்குஞ்சு திரும்பித் திரும்பி நீந்தியது. தட்டை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பைகள் இரண்டும் மெல்ல நகர்ந்து கிழக்கு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டன. அங்கே கிழக்கில்தான் கடல். கனிமொழி டாக்டர் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார், மூன்றாவது முறை திருப்பவில்லை. தையல் போட்டு முடித்து, கையைக் கழுவி, வெளியே வந்து இளவரசுவிடம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, வாரம் ஒரு தடவை கட்டு மாற்ற வேண்டும் என்றார். மயக்கம் தெளிந்து ரேகா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். நர்ஸ் வந்து திட்டுகிறவரை இறக்கவில்லை.

பைகளை ஊர் கேட்டது. அவள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அப்படியே கொடுத்தனுப்பினாள். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஸ்டூல் போட்டு அதை வைத்தார்கள், யாரோ பூவும் வைத்தார்கள். கலியமூர்த்தி தினம் வந்து பார்த்தார். கெண்டைக்குஞ்சு முதல் வாரமே செத்துப்போனது. புரட்டாசிக்குள் பைகள் சுருங்கி, மணத்தக்காளி வற்றல் நிறத்துக்கு வந்துவிட்டன. ஆறு எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் அவை அசையவில்லை. ரேகாவும் இளவரசுவும் சிதம்பரத்தில் மாரியப்பா நகர் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அளவுக்கல் நடுவதைப் பற்றி இரண்டு தடவை கூட்டம் போட்டார்கள், எங்கே நடுவது என்பதில் முடிவு வரவில்லை.

ஐப்பசியில் ஒரு விடியலில் கலியமூர்த்திக்குச் சட்டைப் பொத்தான் மாட்டவில்லை. மார்பு இரண்டும் கெட்டியாக, குளிர்ந்து, இடதுபக்கம் தாங்க முடியாமல் வலித்தது. கதவைச் சாத்திக்கொண்டு கையால் அழுத்திப் பார்த்தார். உள்ளே இரைச்சல் கேட்டது. துண்டை எடுத்துக் குறுக்கே போர்த்திக்கொண்டு டீக்கடைக்குப் போனார். வெற்றுடம்போடு டீ குடிக்கிற ஆண்கள் அத்தனை பேரும் அன்றைக்குத் துண்டு போர்த்தியிருந்தார்கள். கல்லூரிக்குப் போகிற பையன்கள் புத்தகப் பையை முன்பக்கம் மாட்டியிருந்தார்கள். எந்த வரி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கிளாஸை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போய் மாட்டை அவிழ்த்தார்கள். மறுநாள் தண்ணீர் வந்தபோது ஊர் முழுக்கக் கரைமேல் இருந்தது. பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெத்தைகளை அவர்கள்தான் தூக்கினார்கள், ஆண்களால் கையைத் தூக்க முடியவில்லை.

தீபாவளிக்கு முன்னால் கலியமூர்த்தி சிதம்பரம் வந்தார். கீழவீதிக் கடையில் கூட்டம் நெரிந்தது. பட்டுப் பிரிவில் ரேகா யாருக்கோ புடவை கட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். முந்தானை அவள் தட்டை மார்பில் நேராக விழுந்தது, அவள் இரண்டு கையாலும் அதை வீசிப் போட்டாள். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை, புடவை விற்றுக்கொண்டுதான் இருந்தது. கூட்டம் கலைகிறவரை கலியமூர்த்தி வேட்டிக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டு நின்றார். அருகில் வந்தபோது அவரிடமிருந்து வண்டல் வாடை அடித்தது. அவளுக்கு அது தெரிந்த வாடை. துண்டு போர்த்தியிருப்பதையும், இடது தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருப்பதையும் அவள் பார்த்தாள்.

"எத்தினி வருசம்மா," என்றார் அவர். "எப்புடிம்மா தாங்குன?"

அவள் புடவையை மடித்தாள். கோபம் வந்தது, எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபம். அரிசி மூட்டை ஞாபகம் வந்தது, அவர் செருப்பு மாட்டிய சத்தம் ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தால் அழுதுவிடுவார் போலிருந்தது.

"ஜாஸ்தியா வலிக்குதா மாமா?"

அவர் தலையாட்டினார். எடுத்துவிட முடியுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கடலூரில் போய்க் காட்டினாராம், எடுக்க உள்ளே ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஆறு வத்துற வரைக்கும் இருக்கும். உமிய வறுத்துத் துணியில முடிஞ்சு ஒத்தடம் குடுங்க," என்றாள் ரேகா. "எடது பக்கமா படுக்காதிங்க. யாராச்சும் பாத்தா பாத்துட்டுப் போறாங்கன்னு விட்டுடாதிங்க, அதுதான் ரொம்ப வலிக்கும்."

அவர் ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போனார். அது இப்போது எல்லா வருஷமும் வருகிறது, ஆடியிலும் ஐப்பசியிலும். கீழப்படுகையில் பிறகும் ஒரு கன்றுக்குட்டிகூடச் சாகவில்லை. அளவுக்கல்லை நடவும் இல்லை, அதன் தேவையும் இல்லாமல் போயிற்று. இருசம்மாள் ஊர் ஆண்களின் சட்டைகளுக்கு மூன்று வரிப் பொத்தான் வைத்துத் தைக்கிறாள். தெருவில் எதிரெதிரே வருகிறவர்கள் ஒருவரையொருவர் கண்ணைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.