பத்து நிமிடம் நிற்கும் விமானம்

1

திருவொற்றியூரில் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிப் பெண் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்: “இல்லாத பிளேன கீதுன்னு காட்டிகினு கீது.” இந்தக் கதை அங்கேதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பல்வலி வேறு.

2

எண்ணூர்க் காற்றில் கரித்தூள் மிதந்த அந்தக் காலையில் டோரதி…

வேண்டாம். வடசென்னை என்றாலே கரித்தூள் தூவுவதை யாராவது நிறுத்த வேண்டும்.

டோரதி ராயபுரத்துக்காரி. வெள்ளத்துரையின் சின்னக் கம்பெனியில் சோதனைப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். துறைமுகத்தில் கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று திரையில் காட்டுவது அவர்கள் தொழில். இப்போது ரேடார் இல்லாத ஒரு சின்ன ஊர் விமான நிலையத்துக்கு அதே போன்ற திரை கேட்டிருந்தார்கள். கப்பல் படத்தை எடுத்துவிட்டு விமானப் படத்தை வைத்தார்கள். சிக்னல் அறுந்தாலும் கப்பலைப் பத்து நிமிடம் அதே இடத்தில் காட்டும்படி முன்பு எழுதியிருந்தார்கள். நங்கூரம் போட்ட கப்பல் எங்கே போய்விடும்? அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

டோரதி இதைச் சொல்லி மூன்று முறை மெசேஜ் அனுப்பினாள். மூன்றுக்கும் வெள்ளத்துரையிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது. அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

3

(வெள்ளத்துரையை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நாகர்கோவிலிலிருந்து வந்து, துறைமுகத்துக்கு வெளியே முதல் ஆர்டர் பிடித்த மனிதர். அது கைநழுவிவிடுமோ என்ற பயம்தான் அவருக்கு.)

கீழே டெம்போ நிற்கிறது. டோரதி சோதனைச் சான்றில் கையெழுத்திட்டால் திரை கிளம்பும். சரிசெய்ய நான்கு நாளாகும் என்றாள். முதலில் போகட்டும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றார் அவர். துறைமுகத்தில் எப்போதும் அப்படித்தான் செய்தார்கள்.

“அண்ணாச்சி, கப்பலு நிக்கும். பிளேனு நிக்குமா? சிக்னல் போன பிளேனு தூரத்துல கீதுன்னு நம்பி, டவர்ல கீறவரு இன்னொன்ன எறங்கச் சொல்வாரு. இது அதுக்குள்ள பக்கத்தாண்ட வந்துகினு இருக்கும்.”

“சிக்னல் தினமுமா போவும்? ஒரு கையெழுத்துதானம்மா.”

4

முடிவு ஒன்று: கையெழுத்திடுகிறாள். பதினோரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நிஜத்திலும் இப்படித்தான் நடக்கும் என்பதால் இதைக் கண்டாலே எனக்குப் பயம்.

முடிவு இரண்டு: வெள்ளத்துரை மனம் மாறி, கண் கலங்கி…

அடித்துவிட்டேன். டோரதியே நம்பமாட்டாள்.

மூன்றாவதை நான் யோசிப்பதற்குள் அவள் பேனாவை எடுத்துவிட்டாள். கையெழுத்திட்டாள். அதற்கு மேலேயே கொட்டை எழுத்தில், ‘சிக்னல் போனால் இந்தத் திரை பத்து நிமிடம் பொய் சொல்லும்’ என்று எழுதி நீட்டினாள்.

வெள்ளத்துரை இரண்டு முறை படித்தார். அதைக் கிழித்துவிட்டு வேறு யாரிடமாவது கையெழுத்து வாங்கிக்கொள்ள அவருக்கு ஒரு நிமிடம் போதும். டெம்போக்காரர் கீழிருந்து ஹாரன் அடிக்கிறார்.

அவர் என்ன செய்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். ஏதாவது ஒரு சின்ன ஊருக்கு விமானம் ஏறி, சீட் பெல்ட்டை மாட்டும்போது நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.